பச்சையப்பன் என் தாத்தா, பயணம் போனது என் அம்மா

இந்தியாவில் மைலேஜ் திட்டம் நடத்தும் விமான நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், கார்டுக்கு விமான நிலைய லவுஞ்ச் (ஓய்வறை) சலுகை தரும் வங்கிகளுக்கும், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும்,

வணக்கம்.

போன வருடம் மாசி மாதம் என் அம்மா துபாய்க்குக் கிளம்பினார். தம்பி அங்கே வேலையில் இருக்கிறான். அம்மா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறவர். பழம் பறித்து, காயவைத்து, வியாபாரிக்குப் போட்டு முடித்த பிறகுதான் எந்த ஊருக்கும் நகர்வார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் வந்து, அங்கிருந்து காரில் பெங்களூரு. முழங்கால் வலி இருப்பதால் நடைபாதை ஓரத்து சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தேன். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு நடு சீட் விழுந்தது. அதைச் சரிசெய்து கொடுக்க கேட்டில் இருந்த பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று முறை கூப்பிட்டாராம், "மிசஸ் பச்சையப்பன்" என்று.

அம்மா எழுந்திருக்கவில்லை. பச்சையப்பன் அம்மாவைப் பெற்றவர், என் தாத்தா. காலமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

"யாரோ எங்கப்பா பேரு வெச்சவங்க வந்திருக்காங்கபோலன்னு சுத்திச் சுத்திப் பாத்தேன் கண்ணு" என்று இரவு போனில் சொன்னார். அந்த ஓரத்து சீட் வேறொருவருக்குப் போனது. நாலு மணி நேரம் நடுவில் காலை மடக்கி உட்கார்ந்து போனார்.

அஞ்சு ரோட்டுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். செவ்வாப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்காரர்கள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் அப்பா அம்மாக்கள் எல்லாரும் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டை நீட்டியவர்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் இனிஷியல் உங்கள் கணினிக்குப் புரிவதில்லை. அதனால் எங்கள் ஜனங்களுக்குப் பறந்ததற்குச் சேர வேண்டிய மைலேஜ் பாயின்ட் சேராமல் போகிறது, பணம் கட்டிய சீட் கைமாறுகிறது, லவுஞ்ச் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கிறது. சீட்டின் கதையைச் சொல்லிவிட்டேன். மற்ற இரண்டும் அதே அம்மாவுக்கு நடந்தவைதான்.

பாயின்ட் கதை 2016-இல் தொடங்குகிறது. அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டில் பெயர் ராஜேஸ்வரி என்று மட்டும் இருந்தது, கடைசிப் பெயர்க் கட்டம் காலி. உங்களில் ஒரு நிறுவனத்தின் திட்டத்தில் அவரைச் சேர்க்கப் போனபோது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகரவே இல்லை. இனிஷியலான 'பி' என்ற எழுத்தைப் போட்டேன், ஏற்றுக்கொண்டது. டிக்கெட் போடும்போது இன்னொரு தளம் ஒற்றை எழுத்தை ஏற்காமல், ராஜேஸ்வரி ராஜேஸ்வரி என்று இரண்டு முறை அடிக்கச் சொன்னது. அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சடித்து வரும், முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். பெயரோடு பிறந்து, பெயரோடு பள்ளிக்கூடம் போய், பெயரோடு ஓட்டுப் போட்ட ஒரு மனுஷிக்கு ஊருக்கு ஊர், கணினிக்குக் கணினி இப்படி ஒரு பெயர்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவிலும் பார்வையாளர் விசாவிலும் உள்ளே விடமாட்டோம் என்றது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனால் அதற்குள் பயம் பரவிவிட்டது. அந்த மாதங்களில் என் கடைக்கு வந்தவர்களில் பலர் இனிஷியலை விரித்துப் புது பாஸ்போர்ட் வாங்கினார்கள். அம்மாவும் வாங்கினார். "பள்ளிக்கூடத்துல எழுதினது எங்கப்பா பேருதானே, அதையே போடு" என்றார். கடைசிப் பெயர் பச்சையப்பன் ஆனது அப்படித்தான்.

அன்றிலிருந்து டிக்கெட்டில் ஒரு பெயர், மைலேஜ் கணக்கில் ஒரு பெயர். மூன்று முறை போய்வந்த பாயின்ட் கணக்கில் ஏறவே இல்லை. விட்டுப்போன பயணத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க எத்தனையோ திட்டங்களில் ஆறு மாதம்தான் கெடு. முதல் பயணத்துக்கு அந்தக் கெடு முடிந்த பிறகுதான் எனக்கே தெரியவந்தது. டிக்கெட் எண், போர்டிங் பாஸ் நகல், பழைய பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட் எல்லாவற்றையும் அனுப்பினேன். பெயர் மாற்றத்துக்கான அரசிதழ் நகல் கொடுங்கள் என்று பதில் வந்தது.

என் அம்மா பெயர் மாற்றவில்லை. இதை எத்தனை முறை எழுதினேன் என்று கணக்கே இல்லை. பி. ராஜேஸ்வரி என்பதில் இருக்கும் 'பி'தான் பச்சையப்பன். புள்ளிக்கு முன்னால் சுருங்கி நின்ற எழுத்து விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். மாறாத பெயருக்கு எந்த அரசிதழில் போய் விளம்பரம் கொடுப்பது?

தொலைபேசியில் பேசிய பிள்ளை நல்ல மனசோடுதான் ஒரு யோசனை சொன்னார். குடும்பப் பெயர் கேட்கிற இடத்தில் உங்கள் சாதிப் பெயரைப் போட்டால் குடும்பம் முழுக்க ஒரே மாதிரி இருக்குமே என்றார். வெளிமாநிலத்துப் பிள்ளை, அவரைக் குறை சொல்லமாட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் தாத்தா பாட்டிகளின் காலத்திலேயே வால் அறுந்தது. இனிஷியலும் பெயரும் மட்டும் போதும் என்று ஒரு சமூகம் யோசித்து முடிவெடுத்து, மூன்று நான்கு தலைமுறையாகக் காப்பாற்றிவரும் வழக்கம் இது. ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக அதை மறுபடி நிரப்பச் சொல்லாதீர்கள்.

கடைசிப் பெயர், சாய்கோடு, முதல் பெயர் என்று பயணியை எழுதும் வார்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்மும் சேர்ந்து உருவாக்கிய சேபர் என்ற முன்பதிவுக் கணினி 1960-களின் நடுவில் முழுதாக இயங்கத் தொடங்கியது. அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸ்தான் 1981-இல் தன் மைல் திட்டத்தையும் ஆரம்பித்தது, பின்னால் உலகமே அந்த வழியில் போனது. எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் ஊரில் செய்த அச்சு அது. அவர்கள் ஊருக்கு அது சரி. அதை அப்படியே கொண்டுவந்து ஓமலூர்க்காரரையும் வாழப்பாடிக்காரரையும் அதற்குள் அழுத்தும்போதுதான் பிதுங்குகிறது.

போர்டிங் பாஸின் பார்கோடில் பெயருக்கு ஒதுக்கிய இடம் 20 எழுத்து. ஆங்கிலத்தில் பச்சையப்பன் 12 எழுத்து, நடுவில் சாய்கோடு ஒன்று, ராஜேஸ்வரி 9 எழுத்து. மொத்தம் 22. ஆக, கடைசி இரண்டு எழுத்து வெட்டுப்படும். எங்கள் தாத்தா பெயர் முழுசாக நிற்கிறது, பயணம் செய்கிறவர் பெயர் அறுகிறது. பெயரோடு 'மிசஸ்' ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக அச்சாகி வரும் போர்டிங் பாஸ்களை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

லவுஞ்சில் நடந்ததும் இதுதான். வங்கி தந்த கார்டில் 'பி ராஜேஸ்வரி' என்று பொறித்திருக்கிறது. பெங்களூரில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டுமே, சூடாக இரண்டு இட்லி சாப்பிட்டுக் காலை நீட்டி உட்காரட்டும் என்று நான்தான் லவுஞ்சுக்குப் போகச் சொன்னேன். வாசலில் கார்டைத் தேய்த்திருக்கிறார்கள், இரண்டு ரூபாய் கழிந்து எனக்குக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. இயந்திரம் சரி என்று சொன்ன பிறகு, போர்டிங் பாஸில் வேறு பெயர் இருக்கிறதே, கார்டு உங்களுடையதுதானா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று பட்டிருக்கிறது. "திருடின கார்டான்னு கேக்கற மாதிரி இருந்துச்சு" என்றார். பதில் பேசாமல் வெளியே வந்துவிட்டார். அந்த இட்லி போனது எனக்குப் பெரிதில்லை, என் அம்மா தலைகுனிந்து வெளியே வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

கல்யாணமான பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே பெண்தான். குடும்பத்தில் எல்லாருடைய பாயின்ட்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. நல்ல ஏற்பாடு, எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுதான் மிகவும் பொருந்தும். வருடத்துக்கு ஒரு பயணம் போகும் ஒருத்தரால் தனியாக என்ன சேர்த்துவிட முடியும்? ஆனால் எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கடைசிப் பெயர் என் தாத்தா பெயர். தம்பிக்கு எங்கள் அப்பா பெயர். தம்பி மகளுக்குத் தம்பி பெயர். தம்பி மனைவிக்கு அவள் அப்பா பெயர். ஒரே குடும்பத்தில் நாலு பேருக்கு நாலு கடைசிப் பெயர். உறவை நிரூபியுங்கள் என்று கேட்டுக் கேட்டு, சலித்துப்போய் விட்டுவிட்டான் தம்பி.

இயக்குநரகத்துக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில், அதாவது அதே முன்பதிவு எண்ணில், வரும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவருக்குப் பக்கத்தில் சீட் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உத்தரவிட்டீர்கள். நாங்கள் மனதார வரவேற்றோம். அதில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கடைசிப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, பி.என்.ஆர் ஒன்றா என்று மட்டும் பார்த்தீர்கள். பெயரைப் பார்க்காமலே ஆளை அடையாளம் காண வழி இருக்கிறது என்பதற்கு உங்கள் உத்தரவே சாட்சி. அதே கண்ணோடு பாயின்ட் கணக்கையும் பாருங்கள். பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் கைபேசி எண்ணும் ஒத்துப்போனால் அவர் அவர்தான். டிக்கெட்டில் பெயரை எழுத்துப் பிசகாமல் பார்ப்பது பாதுகாப்புக்கு, அதில் நான் தலையிடவில்லை. பறந்து முடித்தவருக்கு அவர் பாயின்ட்டைக் கொடுப்பதில் என்ன பாதுகாப்புச் சிக்கல் வந்துவிடும்?

விமான நிறுவனத்தின் தளத்திலேயே டிக்கெட் எடுத்து 24 மணி நேரத்துக்குள் சொன்னால் அதே ஆளின் பெயர்ப் பிழையைக் கட்டணமில்லாமல் திருத்தித் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இனிஷியலை விரிப்பதும் சுருக்குவதும் அந்தத் திருத்தத்தில் அடங்கும் என்று ஒரு வரி சேருங்கள். இப்போது கவுன்டருக்குக் கவுன்டர் வேறு பதில் வருகிறது. வேறு ஆளுக்கு டிக்கெட்டை மாற்றப் பார்க்கிறீர்களா என்றுகூட என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

விமான நிறுவனங்களிடம் கேட்பது: உறுப்பினர் கணக்கில் பாஸ்போர்ட் பெயருக்குக் கீழே, இனிஷியலோடு எழுதும் பெயருக்கும் ஒரு கட்டம் கொடுங்கள். இரண்டில் எந்தப் பெயரில் பறந்தாலும் பாயின்ட் ஏறட்டும். இனிஷியல் குழப்பத்தால் விட்டுப்போன பயணங்களுக்கு ஆறு மாதக் கெடுவைத் தளர்த்துங்கள். கேட்டில் கூப்பிடும்போது முதல் பெயரையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள், அதற்குப் பணம் ஒன்றும் செலவாகாது. வங்கிகளுக்கு: கார்டு செல்லும் என்று இயந்திரம் சொல்லிவிட்டது, கைபேசிக்கு ஓ.டி.பி-யும் வருகிறது என்றால், இனிஷியல் வேறுபாட்டுக்காக ஒரு பெரியவரை வாசலில் நிறுத்தாதீர்கள் என்று லவுஞ்சுகளுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கு விமானம் வந்து வந்து நின்றுபோன வரலாறு உங்களுக்குத் தெரியும். காமலாபுரத்தில் 2018 மார்ச்சில் மறுபடி சென்னைச் சேவை தொடங்கி, சில வருடத்தில் நின்று, 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. வரிசைக்கு இரண்டும் இரண்டுமாக நாலு சீட் உள்ள சின்ன ஏ.டி.ஆர் விமானம், பின்பக்கப் படியில் ஏற வேண்டும், நடு சீட் என்ற தொல்லையே கிடையாது. முதல் முறை ஏறுகிறவர்கள் நிறைய. அவர்களை இப்போதுதான் மைலேஜ் திட்டங்களில் சேர்த்துவிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசிப் பெயர்க் கட்டம் வரும்போது கை நிற்கிறது. என்ன அடித்தால் நாளைக்கு இவர்களுக்கு வம்பு வராது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதே தொழிலில் இத்தனை வருடம் இருக்கிற எனக்கே இப்படி என்றால், வீட்டில் கைபேசியில் தானாகப் போட்டுக்கொள்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

வரும் மாசியில் அம்மா மறுபடி போகிறார். பேத்திக்குக் காது குத்து. ஓரத்து சீட்டுக்கு இந்த முறையும் பணம் கட்டியிருக்கிறேன். பச்சையப்பன் என்று கூப்பிட்டால் எழுந்திரும்மா என்று சொல்லிவைத்திருக்கிறேன். "எங்கப்பா பேருக்கு நான் எப்படிக் கண்ணு எழுந்திரிப்பேன்?" என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
ராஜேஸ்வரியின் மகள்
பயணச்சீட்டு முகவர், அஞ்சு ரோடு, சேலம்