பல்லைப் பிடுங்கும் முன் தாடையைத் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கடற்கரையில் சொத்தையே இல்லாத நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதிலும் பெண்கள்தான் அதிகம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை என்று எங்கே விசாரித்தாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு பக்கத் தாடையில் வலி, காதுக்குள் குத்தல், நெற்றிப்பொட்டில் பாரம், பிடரியில் இழுப்பு. பல்தான் காரணம் என்று ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தாயிற்று, வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுத்தாயிற்று, அப்போதும் போகவில்லை. நான் மண்டபம் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவன். வாரம் தவறாமல் வந்து "தாடை வலிக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்கும் முகங்கள் எனக்குப் பழக்கம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், தயவுசெய்து வெளியிடுங்கள்.

என் வீட்டிலேயே இது நடந்தது. என் மனைவிக்கு இடது பக்கம் வாயைத் திறந்தால் வலி, காலையில் எழுந்திருக்கும்போதே கன்னம் கட்டையாக இருக்கும். பல் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், அதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, இருந்தாலும் "எடுத்துப் பார்ப்போமே" என்று ஒரு பல்லை எடுத்துவிட்டார். வலி அப்படியே இருந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் காது சுத்தமாக இருக்கிறது என்றார், எலும்பு டாக்டர் கழுத்து தேய்மானம் என்றார், ஒருவர் மனக்கவலைதான் என்று அனுப்பிவிட்டார். கடைசியில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்தான் கையால் கன்னத்தை அழுத்தி, காதுக்கு முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்தார். அவர் கன்னத்துச் சதையில் ஒரு இடத்தை அழுத்தியதும், பிடுங்கிய பல் இருந்த இடத்தில் வலிக்கிறது என்று என் மனைவி சொன்னார். பல்லே இல்லாத இடத்தில் பல்வலி எப்படி வரும்? அப்போதுதான் விஷயம் எங்களுக்குப் பிடிபட்டது.

காதுக்கு நேர் முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒன்று அசைவது தெரியும், அதுதான் தாடை மூட்டு. முழங்கை போல மடங்கி விரிவது மட்டும் அதன் வேலை இல்லை. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது சுழல்கிறது, இன்னும் அகலமாகத் திறந்தால் முன்னால் வழுக்கிப் போகிறது, நடுவில் மெத்தை மாதிரி ஒரு தட்டு வேறு இருக்கிறது. அந்தத் தட்டு இடம் நகர்ந்தால் "டக்" என்று சத்தம் கேட்கும். சத்தம் மட்டும் வந்து வலி இல்லை என்றால் அதற்கு வைத்தியமே தேவையில்லை, பயப்படவும் வேண்டாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வலி மூட்டிலிருந்து வருவதே இல்லை, அதை ஆட்டுகிற சதையிலிருந்துதான் வருகிறது. பல்லைக் கடித்தால் கன்னத்தில் ஒரு சதை புடைக்கிறதே, நெற்றிப்பொட்டிலும் ஒன்று துடிக்கிறதே, அவைதான். அந்தச் சதை களைத்து இறுகிப் போனால் வலி பல்லில் தெரியும், காதில் தெரியும், கண்ணுக்கு மேலே தலைவலியாகவும் தெரியும்.

கழுத்து ஏன் கூடவே வலிக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. முகத்துக்கு உணர்ச்சி தருவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு. அந்த நரம்பின் வலிச் செய்தி மூளையின் மேல்பகுதிக்குப் போவதற்கு முன் கழுத்தின் மேற்பகுதித் தண்டுவடம் வரை இறங்கி, மேல் கழுத்தின் முதல் மூன்று நரம்புகளின் செய்தியோடு ஒரே இடத்தில் சேர்கிறது. இரண்டு படகுக்காரர்கள் வாக்கிடாக்கியில் ஒரே சேனலில் பேசினால் யார் எங்கிருந்து பேசுகிறார் என்று கரையில் இருப்பவருக்குக் குழம்புமே, அது மாதிரிதான். பிடரியில் கிளம்பிய வலி கன்னத்தில் தெரியும், தாடை வலி பிடரிக்கு ஏறும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் பாதிதான் குணமாகும்.

இனி எங்கள் ஊர் வேலையைப் பாருங்கள். வலை கட்டுகிறவர்கள் மணிக்கணக்கில் தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள், வலை மடியில் கிடக்கிறது, கண்ணு கண்ணாகப் பார்த்து முடிச்சுப் போட வேண்டும், முடிச்சுப் போட்டதும் தங்கூசி என்கிற நைலான் நரம்பைப் பல்லாலேயே கடித்து அறுக்கிறார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் மூச்சை அடக்கி முங்கும்போது பல்லை இறுகக் கடிப்பதும், மேலே வந்து கழுத்தை அண்ணாந்து மூச்சு வாங்குவதும் நாள் முழுக்க நடக்கிறது. மீன் தரம் பிரிக்கிறவர்களும் கணவாய் சுத்தம் செய்கிறவர்களும் குனிந்த தலை நிமிர்வதில்லை. வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குடம். இதோடு மனசும் சேர்கிறது. கடலுக்குப் போன புருஷனோ மகனோ சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பாவிட்டால், இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டதா என்று தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் பெண்கள் தூக்கத்திலும் விழிப்பிலும் பல்லைக் கடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கவலையால் வலி கூடும் என்பது உண்மை, ஆனால் அதனால் வலி பொய்யாகிவிடாது. "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவது பெரிய அநியாயம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்துவிட்டால் வலியின் தன்மையே மாறிவிடுகிறது. முதலில் அடிபட்ட சதை ஆறியிருக்கும், ஆனால் நரம்பு மண்டலம் உஷாராகவே இருந்து பழகிவிடும், சின்னத் தொடுதலும் வலியாகத் தெரியும். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். அதனால்தான் ஒரு ஊசி, ஒரு மாத்திரை என்று தீர்த்துவிட முடிவதில்லை.

மாத்திரை பற்றி கடைக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை நாலைந்து நாளைக்கு டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டால் சரி. அதையே மாசக்கணக்கில் வெறும் வயிற்றில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், ரத்த அழுத்தம் ஏறும், கிட்னி கெடும். அதுவும் வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் கடலிலும் கரையிலும் கிடக்கிறவர்களுக்கு கிட்னி ஆபத்து இன்னும் அதிகம். சிலர் கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும் கேட்கிறார்கள், அதைச் சீட்டு இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்த நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு சிகிச்சை வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் முதலிடம் கொடுத்திருப்பது ஆபரேஷனுக்கு இல்லை. தாடைப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் கையால் தாடையை அசைத்துவிடுவதும் இறுகிய சதையை அழுத்தித் தளர்த்துவதும், வீட்டிலேயே செய்யும் நீட்டல் பயிற்சி, வலியோடு வாழும் மனசுக்கான ஆலோசனை, இவைதான். மூட்டுத் தட்டையே எடுத்துவிடும் ஆபரேஷன் போன்றவற்றைச் செய்யாதீர்கள் என்றே சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது என் மனைவியின் பல் ஞாபகம்தான் வந்தது. கையாலும் பயிற்சியாலும் தீர வேண்டிய ஒன்றுக்கு நம் ஆட்கள் எதையெல்லாம் இழக்கிறார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், எல்லாவற்றுக்கும் முதலில் தாடைக்கு ஓய்வு கொடுக்கப் பழக வேண்டும். சாப்பிடாத, பேசாத நேரத்தில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. நிறையப் பேருக்கு இது தெரியாது, வாயை மூடினால் பல்லும் மூடியிருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், "ன" என்று சொல்லும்போது நாக்கு நுனி எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே நாக்கு இருக்கட்டும். வலை கட்டும்போது அரை மணிக்கு ஒரு தடவை இதை நினைத்துப் பார்த்தால் போதும், எவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவரவருக்கே தெரிந்துவிடும். அதே நாக்கை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, வலி வராத அளவுக்கு மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள், ஒரு வேளைக்கு ஆறு தடவை, பகலில் நாலைந்து வேளை. கண்ணாடி முன் நின்று செய்தால் தாடை ஒரு பக்கம் கோணாமல் நேராக இறங்குகிறதா என்று பார்க்கலாம். கழுத்துக்கு, தலையைக் கவிழ்க்காமல் மோவாயை மட்டும் பின்னால் இழுத்து, கொஞ்ச நேரம் நிறுத்தி விடுவது. கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் கையை முட்டுக்கொடுங்கள்.

உப்பு ஒத்தடம் நம் வீடுகளில் இருக்கிற வழக்கம்தான், அது நல்லது. இறுகிய சதைக்கு இளஞ்சூடு இதமாக இருக்கும், தோல் பொறுக்கும் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்தால் போதும். வாடைக்காத்து காதில் ஏறிவிட்டது என்று கிராம்புத் தைலத்தைக் காதிலும் பல்லிலும் ஊற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள். முக்கியமாக, சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைப் பிடித்துச் சடாரென்று திருப்புகிறவர்களிடம் போகாதீர்கள், சலூனில் சொடக்கு எடுப்பதும் அப்படித்தான். கழுத்துக்குள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இருக்கிறது, அது கிழிந்தால் பக்கவாதம் வரும்.

வலி அதிகமாக இருக்கும் சில வாரங்களுக்கு மென்று திங்கிற சாப்பாட்டைக் குறையுங்கள். குழைந்த சோறு, இடியாப்பம், மீன் குழம்பு எல்லாம் சரி. பனங்கிழங்கு, கரும்பு, முறுக்கு, ரப்பராக இழுக்கும் கணவாய் வேண்டாம், நண்டு ஓட்டைப் பல்லால் உடைக்கவே வேண்டாம். தங்கூசியை அறுக்க ஒரு சின்னக் கத்தரியைக் கயிற்றில் கட்டிப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். வலையை மடியில் போடாமல் கம்பில் உயர்த்திக் கட்டி, நெஞ்சு மட்டத்தில் வைத்து வேலை செய்தால் பிடரி இழுப்பு பாதி குறையும். என் மனைவிக்கு ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை, பொறுமையாகத்தான் குறைந்தது. இன்றைக்கும் தூக்கம் கெட்ட மறுநாள் கொஞ்சம் வலிக்கும், ஆனால் மாத்திரைக்குக் கை போவதில்லை.

எல்லாத் தாடை வலியும் இந்த வகை என்று நான் சொல்லவில்லை. நடக்கும்போது, பாரம் தூக்கும்போது தாடை வலித்து, கூடவே நெஞ்சு அடைத்தால், வேர்த்தால், மூச்சு வாங்கினால் அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் அப்படி வரும். முகத்தைக் கழுவும்போதோ பல் விளக்கும்போதோ ஷாக் அடித்த மாதிரி சில நொடி மின்னி மறையும் வலி ஐந்தாவது நரம்பின் நோய், அதற்கு வேறு மருந்து உண்டு, நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். பாக்கும் புகையிலையும் போடுகிறவர்களுக்குக் காரம் பட்டால் வாய் எரிந்து, வாய் திறப்பது நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தால் அது பாக்கினால் வாய்க்குள் தோல் இறுகும் நோய், புற்றுநோயாக மாறக்கூடியது. உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள், போகவில்லை என்றால் காட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆறாத புண், காய்ச்சலோடு வீக்கம், மரத்துப்போதல், இவையும் காத்திருக்கக் கூடாதவை. உண்மையான சொத்தைப் பல்லும் இருக்கும், அதற்குப் பல் டாக்டர்தான். பல்லைப் பார்க்கிற அதே கையால் கன்னத்துச் சதையையும் மூட்டையும் கழுத்தையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். இரண்டு நிமிஷ வேலை, பைசா செலவில்லை.

இனி அரசாங்கத்திடம் கேட்பது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு அவர்கள் செய்யும் வேலை பெரிய வேலை, கண்ணால் பார்க்கிறேன். அவர்களுக்குத் தாடை, கழுத்து வலிக்கும் பயிற்சி கொடுத்து வலைக்கொட்டகைக்கும் அனுப்புங்கள். இதற்குத் தோதான காலமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை வேலை முழுவதும் அப்போதுதான் நடக்கும், ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே பல், காது, எலும்பு, பிசியோதெரபி என்று நான்கு வாசலுக்கு நோயாளியை அலையவிடாமல், வாரத்தில் ஒரு நாள் நான்கு பேரும் சேர்ந்து முகவலிக்காரர்களைப் பார்க்கட்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் போக 170 கிலோமீட்டர், ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் காசு தனி. அந்தப் பயணத்துக்கு வழி இல்லாததால்தான் பாதிப் பேர் என் கடையோடு நின்றுவிடுகிறார்கள்.

அடுத்த தடைக்காலத்தில் பாம்பனிலோ மண்டபத்திலோ இப்படி ஒரு முகாம் போட மாவட்ட சுகாதாரத் துறை முன்வந்தால், இடம், நாற்காலி, ஆட்களைக் கூட்டி வருவது எல்லாம் எங்கள் பொறுப்பு. மீனவர் சங்கத்தில் பேசியிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
மண்டபம்.