இத்தாலிக்கு கொரோனா வந்தது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2019 செப்டம்பரிலேயே கொரோனா இத்தாலியில் பரவிவிட்டது என்ற தகவல் இன்னமும் கட்டுரைகளில் அடிபடுகிறது. அரசுக் கணக்கில் அங்கே முதல் தொற்று உறுதியானது 2020 ஜனவரி 30-ல், ரோமில் தங்கியிருந்த இரு சீனச் சுற்றுலாப் பயணிகளுக்கு. உள்ளூர்ப் பரவல் வெளிப்பட்டது பிப்ரவரி 20 இரவு, லொம்பார்டி மாநிலத்தின் கோடோக்னோவில். அதற்கு முன்பே வைரஸ் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் டிசம்பருக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, செப்டம்பருக்கு இல்லை.

டிசம்பருக்கான ஆதாரம் சாக்கடை நீர். 2019 அக்டோபர் முதல் 2020 பிப்ரவரி வரை வட இத்தாலியின் சுத்திகரிப்பு நிலையங்களில் எடுத்து உறையவைத்திருந்த 40 மாதிரிகளை அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் பின்னர் சோதித்தது. டிசம்பர் 18-ல் மிலானிலும் டூரினிலும் எடுத்த நீரில் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ. கிடைத்தது. அக்டோபர், நவம்பர் மாதிரிகளில் இல்லை.

நீரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி வைரஸைச் செயலிழக்கச் செய்து, 250 மில்லியைச் செறிவாக்கி, ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, பிறகு பி.சி.ஆர். (மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்தார்கள். இங்கேதான் தவறு நேரும். இரண்டு சுற்று பி.சி.ஆரில் முதல் சுற்று முடிந்த குழாயைத் திறந்துதான் அடுத்த சுற்றுக்கு மாற்ற வேண்டும். அப்போது அதில் கோடிக்கணக்கான பிரதிகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி பக்கத்துக் குழாயில் தெறித்தாலே அதுவும் பாசிட்டிவ் ஆகிவிடும். அதனால்தான் 2018 செப்டம்பர் முதல் 2019 ஜூன் வரையிலான 24 பழைய மாதிரிகளையும் அதே முறையில் சோதித்தார்கள். அத்தனையும் நெகட்டிவ். டிசம்பர் முடிவை இரண்டு ஆய்வகங்கள், இரு வேறு முறைகளில் உறுதி செய்தன. இந்த ஆய்வை நான் நம்புவதற்கு இவையே காரணம். 2019 மார்ச்சிலேயே பார்சிலோனா சாக்கடையில் வைரஸ் இருந்தது என்ற அறிவிப்போ ஒரே ஒரு மாதிரியை வைத்துச் சொன்னது. அதிலும் வைரஸின் சில மரபணுப் பகுதிகள் மட்டுமே பாசிட்டிவ், மற்றவை நெகட்டிவ்.

செப்டம்பர் கதை மிலான் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ரத்த ஆய்விலிருந்து வந்தது. நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வந்த 959 பேரில் 111 பேருக்கு ஆன்டிபாடி (தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதம்) இருந்ததாம். செப்டம்பரில் ரத்தம் கொடுத்தவர்களிலேயே 14 சதவீதம். ஆனால் வைரஸைத் தடுக்கும் திறனுள்ள ஆன்டிபாடி இருந்தது 6 பேருக்கு மட்டுமே. சாதாரண சளியைத் தரும் வேறு கொரோனா வைரஸ்களால் உண்டான ஆன்டிபாடியும் இச்சோதனையில் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஏழு பேரில் ஒருவருக்கு செப்டம்பருக்குள் தொற்று வந்திருந்தால், லொம்பார்டியின் பெர்கமோ நகர மருத்துவமனைகள் அக்டோபரிலேயே நிரம்பி வழிந்திருக்கும். நிரம்பியதோ 2020 மார்ச்சில்.

இனி இத்தகைய ஆய்வுகளைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, ஒப்பீட்டுக்காகச் சோதித்த பழைய மாதிரிகள் எத்தனை, அவற்றில் எத்தனை பாசிட்டிவ், வேறோர் ஆய்வகம் முடிவைச் சரிபார்த்ததா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்துத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வாளர், மதுரை