பீப்பா அடுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பான எல்லோருக்கும் வணக்கம்.

கடைசி வாளி மேப்பிள் மரச் சாறும் பாணியாக வற்றிப் போத்தலில் அடைத்தாயிற்று. மொத்தம் 12 லிட்டர் மேப்பிள் பாணி. அதற்காக நாங்கள் காய்ச்சியது 480 லிட்டர் சாறு. மரத்தில் வடிவதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் சீனி, மிச்சமெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரை விறகடுப்பில்தான் வற்ற வைப்பேன் என்று நான் பிடித்த பிடிவாதத்தால் உங்களில் எத்தனை பேர் எங்கள் பீட்டர்பரோ காணி வரைக்கும் அலைந்தீர்கள்! நேரில் சொன்ன நன்றி போதாது என்று பட்டது, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி வீட்டுக்காரிக்கு. போன வருஷம் குசினியில் காய்ச்சப்போய், ஆவியில் சுவர்க்கடதாசி உரிந்து தொங்கியது. வெளியே போய்க் காய்ச்சுங்கோ என்றாரே தவிர, காய்ச்சவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஸ்காபரோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணா, கறிகளைச் சூடாக வைக்கும் நீளமான எவர்சில்வர் தட்டங்களில் நெளிந்துபோன மூன்றைத் தூக்கித் தந்தார். காசு வாங்கவில்லை. சோடா போட்டு எத்தனை தரம் அவித்தும் ஒன்றில் சீரக வாசம் போகவில்லை என்று மகள் இன்னும் சாதிக்கிறாள். எனக்குத் தெரியவில்லை அண்ணா, பாணி நல்லாத்தான் இருக்கிறது.

200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாவைப் படுக்கப்போட்டு, மேல்பக்கத்தில் மூன்று தட்டங்களும் கச்சிதமாக இறங்கி உட்கார வெட்டித் தந்தது மச்சான். எண்ணெய் இருந்த பீப்பாவில் கிரைண்டரின் பொறி பட்டால் வெடிக்கும், உள்ளே தண்ணீர் நிரப்பாமல் தொடமாட்டேன் என்று கராஜில் ஒரு மணித்தியாலம் குழாயோடு நின்றான். மலிவு என்று நான் வாங்கி வந்த துத்தநாகம் பூசிய புகைக்குழாயைப் பார்த்ததும் அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது. அது சூடேறினால் வரும் புகை நஞ்சாம். கறுப்பு இரும்புக் குழாயைத் தன் செலவில் வாங்கிப் பொருத்திவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான்.

அடுப்பு பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. மார்ச்சில் பகலில் பனி உருகி, இரவில் மறுபடி உறைகிற நாட்கள் வந்ததும் சாறு வடியத் தொடங்கியது, நானும் நெருப்பு மூட்டினேன். புகைபோக்கியின் அடி செக்கச் செவேலென்று சிவந்தது, தட்டங்களோ முனகிக்கொண்டு கிடந்தன. மணிக்கு 6 லிட்டர்கூட வற்றவில்லை. அரை வண்டி விறகு போய்விட்டது.

பக்கத்துக் காணிப் பெரியவர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனவர், ட்ரக்கில் மணலும் நெருப்புச் செங்கல்லும் கொண்டுவந்து இறக்கினார். பீப்பாவின் பின்பாதியை மணலால் சரிவாக நிரப்பி, மேலே செங்கல்லைப் பரப்பி, தட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி மட்டும் விடச் சொன்னார். அதுவரை நேரே புகைபோக்கிக்கு ஓடிய நெருப்பு, வேறு வழியில்லாமல் தட்டங்களின் அடியை நக்கிக்கொண்டு போயிற்று. பெரிய கட்டைகளைத் திணிக்கக் கூடாது, மணிக்கட்டுத் தடிப்பில் பிளந்து ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருதரம் கொஞ்சமாகப் போட வேண்டும் என்பதும் அவர் பாடம்தான். குளிர்ந்த சாற்றை ஒரேயடியாக ஊற்றினால் கொதி அடங்கிவிடும் என்று, குழாய் வைத்த பானை ஒன்றை மேலே நிறுத்திச் சொட்டவிட்டார். அப்புறம் மணிக்கு 15 லிட்டர்! நான் நன்றி சொன்னபோது, இதெல்லாம் தங்களுக்கே இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களிடமிருந்து வந்த வித்தை என்றார். இந்த மடலை மகள் அவருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவாள்.

அம்மாவைப் பற்றி எழுதாவிட்டால் சாப்பாடு கிடைக்காது. போர்வையைப் போர்த்திக்கொண்டு கதிரையில் இருந்தவர், நுரை எழும்பியதும் "தம்பி, பொங்குது, கொஞ்சம் தேங்காய்ப்பூ போடு" என்றார். ஊரில் பனையின் இனிப்புச் சாறான கருப்பணியைக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர். பெரியவர் அதற்குள் துளி வெண்ணெயை விட்டுவிட்டார், நுரை அப்படியே படுத்தது. இரண்டிலும் வேலை செய்வது கொழுப்புத்தான் என்று புரிந்து இருவரும் சிரித்துக்கொண்டார்கள், பாஷை இல்லாமலே.

பதத்துக்கு என்னிடம் வெப்பமானி இருந்தது. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி கூட வந்தால் பாணி. எங்கள் இடத்தில் தண்ணீர் 99-இலேயே கொதிக்கிறது, ஆக 103. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. அகப்பையைத் தூக்கிச் சரித்தார். ஓரத்தில் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரைபோல இறங்கியதும் "காணும், இறக்கு" என்றார். முள் 103-இல் நின்றது. அடுத்த கிழமை அம்மா இல்லாத நேரம் நான் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்து ஒரு தட்டத்தைத் தார் ஆக்கினேன். தட்டம் தந்த அண்ணாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது தெரிந்திருக்கும்.

அடியில் தங்கும் மண்போன்ற வண்டலை வடிக்கக் கம்பளித் துணியில் பை தைத்துத் தந்த மச்சாளுக்கும், வாளி சுமந்து சப்பாத்தைச் சேற்றில் தொலைத்த மருமக்களுக்கும் நன்றி.

ஆளுக்கு ஒரு போத்தல் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் வடித்தது பொன் நிறம், கடைசிக் காய்ச்சல் கறுப்பு. கறுப்புத்தான் ருசி என்பது என் கட்சி. மச்சான், உன் கிரைண்டரை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். வட்டு தேய்ந்துவிட்டது, புதிது போட்டுத்தான் தருவேன்.

அன்புடன்,
உங்கள் பாணிக்காரன்