பழுப்புத் தண்ணீரும் வாசல் போர்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மத்தியானம், அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, கழுத்தில் ஏதோ ஒரு அட்டையும் தோளில் பையுமாக ஒரு பையன் பெல் அடித்திருக்கிறான். 'தண்ணி டெஸ்ட் பண்ணணும்மா, காசெல்லாம் வேண்டாம்.' மாநகராட்சி ஆள் என்று நினைத்து அம்மா கதவைத் திறந்துவிட்டார். இரண்டு டம்ளர் கேட்டு வாங்கி, ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர். இரண்டிலும் கரண்டு கம்பியை விட்டதும் எங்கள் தண்ணீர் மட்டும் பழுப்பாகிவிட்டது. 'இதைத்தானே தினமும் குடிக்கறீங்க!' அம்மா பயந்துபோய், அவன் விற்க வந்த தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்கு 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார்.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பி இரும்பு, மின்சாரம் பாய்ந்ததும் அதுவே கரைந்து துருவாகிறது. அவன் பாட்டில் தண்ணீரில் உப்பே கிட்டத்தட்ட கிடையாது, அதனால் மின்சாரமும் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அந்தப் பாட்டில் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லியிருந்தால் குட்டு அங்கேயே உடைந்திருக்கும்.

சரி, இவர்களை வாசலோடு நிறுத்த வழியே இல்லையா? இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, அடையாள அட்டை இல்லாமலோ முன்கூட்டியே நம் சம்மதம் வாங்காமலோ நேரடி விற்பனையாளர் வீட்டுக்கு வரக் கூடாது. இது ஆள் சேர்த்து, சங்கிலியாக விற்கும் நிறுவனங்களுக்கான விதி. 'நான் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன், எனக்கு இது பொருந்தாது' என்று சிலர் வாதம் பண்ணலாம். பண்ணட்டும். யாராக இருந்தாலும், போகச் சொன்ன பிறகும் மிரட்டவோ தொல்லை கொடுக்கவோ உள்ளேயே நின்றால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவில் அத்துமீறல்தான், வீட்டுக்குள் என்றால் ஓராண்டு வரை சிறை. அதனால் 'இப்ப வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்' என்று இழுக்காமல் 'போங்க' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும்படி. நகரவில்லையென்றால் 112-க்குக் கூப்பிடலாம்.

கேட்டில் 'முன் அனுமதி இல்லாமல் விற்பனையாளர்கள் வரக் கூடாது' என்று ஒரு போர்டு மாட்டினால், தெரியாமல் வந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அடுக்குமாடி என்றால் சங்கத்தில் முடிவெடுத்து வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தால் போதும். பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நான் புகார் கொடுத்திருக்கிறேன், 2,000 ரூபாய் இன்னும் வந்தபாடில்லை.

போர்டு மாட்டிய மறுநாளே கீரைக்கார அம்மா கேட்டுக்கு வெளியே தயங்கி நின்று 'எனக்குமுங்களா தம்பி?' என்றார். கீழே சாக்பீஸில் 'கீரை, பால், பூ தவிர' என்று சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரு வாசகர்,
ஈரோடு