வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி தொடங்கி மாமல்லபுரம் வரையிலும், ஏலகிரி, ஏற்காடு, பொள்ளாச்சிப் பக்கங்களிலும் நீச்சல் குளத்தோடு கூடிய பண்ணை வீடுகள் நாள் வாடகைக்குப் போகின்றன. நகரத்துத் தனி வீடுகளிலும் மொட்டை மாடிகளிலும்கூட இப்போது குளம் கட்டுகிறார்கள். பொதுக் குளத்தில் உயிர்காப்பாளர் ஒருவராவது நிற்பார். வீட்டுக் குளத்தில் அப்படி யாரும் கிடையாது. ஆள் பார்க்க வேண்டிய காவலை அங்கே கட்டுமானம்தான் பார்த்தாக வேண்டும். அந்தக் கட்டுமானத்தில் எவையெல்லாம் விடுபட்டுப் போகின்றன என்பதை, குளம் கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வேலி போடச் சொன்னால் பெரும்பாலான உரிமையாளர்கள் சொல்லும் பதில், "நாலடித் தண்ணீர்தானே சார்" என்பதுதான். 2 வயதுக் குழந்தையின் உயரம் 3 அடிகூட இருக்காது. தவறி விழுந்தால் அது கத்தாது. கையைத் தூக்கி யாரையும் கூப்பிடாது. சத்தமில்லாமல் மூழ்கிவிடும். ஒரு போன் பேசி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்துக்கு வேலி கட்டாயம். உயரம் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது 4 அடி. கம்பிகளுக்கு இடையிலும் வேலிக்கு அடியிலும் 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். விட்டதும் தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து எட்டக்கூடிய தாழ்ப்பாள் என்றால் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பிரான்ஸ் 2003 ஜனவரியிலேயே சட்டம் போட்டு, தனியார் குளங்களுக்கு வேலி, பாதுகாப்பு மூடி, கூரையடைப்பு, எச்சரிக்கை மணி ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டது.

நம் ஊரில் நடப்பது வேறு. காம்பவுண்டுச் சுவரையே வேலி என்று கணக்கில் வைத்துவிடுகிறார்கள். அந்தச் சுவர் வெளியாள் வராமல் தடுக்கும், அவ்வளவுதான். குழந்தை வருவது வீட்டுக்குள்ளிருந்து. ஹாலின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நாலே எட்டில் தண்ணீர் என்றுதான் முக்கால்வாசி வில்லாக்களின் அமைப்பு இருக்கிறது. வேலி குளத்தின் நான்கு பக்கமும் வர வேண்டும். வீட்டுச் சுவரை நான்காவது பக்கமாக வைக்கவே கூடாது. கம்பிகள் நெடுக்காக நிற்க வேண்டும். அழகுக்காகப் படுக்கையாகப் போட்டால் குழந்தைக்கு நாமே ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. வேலியை ஒட்டிப் பூந்தொட்டி, ஏசி வெளி யூனிட், பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் 3 அடிக்குள் இருக்கக் கூடாது. கடற்கரை ஓரம் 304 கிரேடு ஸ்டீல் சீக்கிரமே துருப் பிடித்துவிடும். முதலில் கெடுவது கேட்டின் ஸ்பிரிங் கீல்தான். 316 கிரேடு கேளுங்கள். கேட்டை இரண்டே அங்குலம் திறந்து கையை எடுத்துப் பாருங்கள். தானாக வந்து தாழ் விழ வேண்டும். விழவில்லையென்றால் அது வேலி அல்ல. பரிமாறுகிறவர்கள் போய் வர வசதியாகக் கேட்டுக்குக் கல்லை முட்டுக்கொடுத்து வைப்பதும் வழக்கமாக இருக்கிறது. அந்தக் கல்லை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

தண்ணீர் மேல் மிதக்கும் நீல நிறக் குமிழ் ஷீட்டைப் பாதுகாப்பு மூடி என்று சிலர் நம்புகிறார்கள். அது சூடு குறையாமலும் தண்ணீர் ஆவியாகாமலும் இருக்கப் போடுவது. குழந்தை அதன்மேல் கால் வைத்தால் ஷீட் மடிந்து உள்ளே இழுத்துக்கொள்ளும், மேலே மூடியும் கொள்ளும். பக்கத்தில் நிற்கிறவர் கண்ணுக்குக்கூடத் தெரியாது.

அடுத்தது, வெளியே தெரியாததாலேயே யாரும் கேட்காத விஷயம்: குளத்தின் அடியிலுள்ள மெயின் டிரெயின். பம்ப் ஓடும்போது அதன் வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. ஒரே ஒரு டிரெயின் இருந்து, அதன்மேல் ஒரு குழந்தை உட்கார்ந்தாலோ வயிறு படும்படி படுத்தாலோ தண்ணீர் வர வேறு வழியில்லாமல் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. டிரெயினை மூடும் 8 அங்குல விட்டமுள்ள கிரில்லின் பரப்பு சுமார் 324 சதுர செ.மீ. அரை பார் (காற்றழுத்தத்தில் சுமார் பாதி) வெற்றிடம் உண்டானாலே அந்தப் பரப்பில் ஏறத்தாழ 160 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வந்துவிடும். வலுவான இரண்டு ஆட்கள் சேர்ந்து இழுத்தாலும் பிள்ளையை எடுக்க முடியாமல் போவது இதனால்தான். 2002-ல் அமெரிக்காவில் கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி சுடுநீர்த் தொட்டியின் டிரெயினில் இப்படிச் சிக்கி இறந்தார். அவர் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அதன் பிறகு 2007-ல் அந்தச் சிறுமியின் பெயரிலேயே அங்கே நீச்சல் குளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. குளம் கட்டும்போதே இரண்டு டிரெயின் வையுங்கள். இரண்டுக்கும் இடையே குறைந்தது 3 அடி இருக்கட்டும். இரண்டையும் தரைக்கு அடியில் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு இணைத்து, அங்கிருந்து ஒரே குழாயாகப் பம்புக்குக் கொண்டுபோங்கள். ஒன்றை உடம்பு அடைத்தாலும் மற்றொன்றிலிருந்து தண்ணீர் வரும், வெற்றிடம் ஏறாது. தனித்தனியாக வால்வு வைத்தால் இந்தப் பாதுகாப்பே போய்விடும். பராமரிப்பவர் ஏதோ காரணத்துக்காக ஒரு வால்வை மூடிவிட்டால் அது மறுபடியும் ஒற்றை டிரெயின்தான். தட்டையான கிரில்லுக்குப் பதில் நடுவில் உப்பிய மூடி போடுங்கள். அதை உடம்பால் முழுதாக அடைக்க முடியாது. வெயிலிலும் குளோரினிலும் பிளாஸ்டிக் மூடி நொறுங்கத் தொடங்கும், திருகாணிகள் கழன்றுவிடும். மூடி உடைந்திருந்தாலோ ஒரு திருகாணி இல்லாவிட்டாலோ, மாற்றும்வரை பம்பை நிறுத்திவையுங்கள், ஒருவரையும் குளத்தில் இறக்காதீர்கள். திறந்த குழாய் வாய்தான் கையையும் தலைமுடியையும் இழுப்பது. நீண்ட கூந்தல் உள்ளவர்கள் தொப்பி போடாமல் அடி வரைக்கும் முங்கக் கூடாது.

ஏற்கெனவே ஒற்றை டிரெயினோடு கட்டிவிட்ட குளத்துக்கும் வழி உண்டு. இரண்டு ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை மிதக்கும் குப்பையோடு உள்ளிழுக்கும் பக்கச்சுவர் வாய்) இருந்தால், குளிக்கும் நேரத்தில் மெயின் டிரெயின் வால்வை மூடிவிட்டு ஸ்கிம்மர் வழியாகவே தண்ணீரைச் சுற்ற விடலாம். விளிம்பில் தண்ணீர் வழியும் ஓவர்ஃப்ளோ குளமாக இருந்தால் டிரெயினைப் பம்போடு நேராக இணைக்காமல், வழிந்த தண்ணீர் சேரும் பேலன்சிங் டேங்குக்குத் தானாக வழியும்படி விடலாம். பம்ப் டேங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். பக்கச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் வேக்யூம் பாயின்ட்டையும் (குளத்தைச் சுத்தம் செய்யும் குழாயை மாட்டும் உறிஞ்சு வாய்) மறந்துவிடக் கூடாது. சுத்தம் செய்து முடித்ததும் அதன் வால்வை மூடி, ஸ்பிரிங் மூடியும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் இருப்பது அதுதான்.

பம்பை நிறுத்தும் சுவிட்ச், பூட்டிய பம்ப் ரூமுக்குள் இருந்து என்ன பயன்? குளக்கரையில் நின்றால் கண்ணில் படுகிற இடத்தில், சிவப்பு நிறப் பெரிய பட்டனாக வையுங்கள். யாராவது சிக்கிக்கொண்டால் இழுத்துப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் முதலில் அதை அழுத்த வேண்டும். பிறகு மூடியின் ஓரத்தில் விரலை நுழைத்துத் தண்ணீர் புகவிட்டு, உடம்பைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுக்க வேண்டும்.

மின்சார வேலையிலும் இதே அலட்சியம்தான். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டில்தான் எரிய வேண்டும். அதன் டிரான்ஸ்ஃபார்மர் குளத்தை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். பல்பு போய்விட்டால் கடையில் கிடைத்த 230 வோல்ட் விளக்கை மாட்டி, டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிடுகிறார்கள். நேரடியாகக் கொலைக்கருவி அது. குளத்தின் விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் பிளக் பாயின்ட் வேண்டாம். ஸ்பீக்கருக்கும் சீரியல் விளக்குக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கரைவரை இழுத்துவரும் பழக்கத்தை வாடகைக்கு விடுகிறவர்கள்தான் தடுக்க வேண்டும். ஏணி, கைப்பிடி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாவற்றையும் செம்பு ஒயரால் ஒன்றாக இணைத்து எர்த்தோடு சேர்க்க வேண்டும்.

ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது என்று சொன்னால் போதாது, அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆளைக் காப்பாற்ற, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிப்பதாக அது இருக்க வேண்டும். 100, 300 என்று எழுதியிருந்தால் அது மனிதருக்கானது அல்ல. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். இன்வெர்ட்டர் லைன் விஷயத்தை எலக்ட்ரீஷியன்களே கவனிப்பதில்லை. கரண்ட் போனால் குளத்து விளக்குகள் இன்வெர்ட்டரில் எரியும். பல வீடுகளில் அந்த லைன் ஆர்சிசிபி வழியாகப் போவதே இல்லை. பகலில் பாதுகாப்பாக இருந்த அதே குளம் இரவில் கரண்ட் போன நேரத்தில் பாதுகாப்பில்லாமல் கிடக்கிறது. இன்வெர்ட்டருக்கும் ஜெனரேட்டருக்கும் பிறகு தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். தண்ணீரில் ஒருவர் ஷாக் அடித்துத் துடித்தால் யாரும் குதிக்கக் கூடாது. மெயினை அணைத்த பிறகுதான் அருகில் போக வேண்டும்.

ரசாயனத்தைப் பற்றிச் சுருக்கமாக. டிசிசிஏ எனும் குளோரின் மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும் இரண்டுமே குளோரின்தானே என்று ஒரே வாளியில் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே கரண்டியைக்கூடப் பயன்படுத்தக் கூடாது. ஆசிட்டும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரைக்குக் கீழே கட்டிய பம்ப் ரூமில் அப்படியே தேங்கி நிற்கும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் ரசாயனம். அளவும் முக்கியம். 50,000 லிட்டர் குளத்தில் குளோரினை 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) உயர்த்த 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் 75 முதல் 80 கிராம் போதும். தண்ணீரில் 1 முதல் 3 பிபிஎம் இருக்க வேண்டும், பிஎச் 7.2 முதல் 7.8 வரை. காவலாளி குத்துமதிப்பாக ஒரு கிலோவை அள்ளிக் கொட்டினால் ஒரேயடியாக 13 பிபிஎம் ஏறிவிடும். தண்ணீர் கலங்கியிருந்தால் அதுவே தனி ஆபத்து: கரையில் நின்று பார்த்தால் அடியிலுள்ள டிரெயின் மூடியின் திருகாணிவரை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூழ்கியவரும் தெரியமாட்டார்.

நாலு, அஞ்சு அடிக் குளத்தில் தலைகீழாகப் பாய்வது கழுத்தெலும்பை முறிக்கும். ஆழத்தைக் கரையிலேயே பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களையே கொல்கிறது. வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். காற்றடைத்த டியூபும் கைப்பட்டையும் விளையாட்டுப் பொருட்கள்தான். சிறு பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது மது அருந்தாத, போன் பார்க்காத பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

மூழ்கியவரை வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கிறது. அதனால் உயிர் காக்கும் நிமிடங்கள் வீணாவதோடு, வயிற்றிலிருப்பது நுரையீரலுக்கும் போய்விடும். மூச்சில்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுங்கள். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். பெரியவருக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். இன்னொருவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

கட்டட அனுமதி தரும் அமைப்புகளிடம் என் கோரிக்கை ஒன்றுதான். குளம் காட்டப்பட்ட எந்த வரைபடத்திலும் நான்கு பக்க வேலி, இரட்டை டிரெயின், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இம்மூன்றும் வரையப்பட்டிருந்தால் மட்டுமே கையெழுத்துப் போடுங்கள். நாள் வாடகைக்கு விடும் வீடுகளை, சீசன் தொடங்குமுன் உள்ளாட்சி ஊழியர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தால் போதும். மேலே சொன்னவற்றைச் சரிபார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. அதுவரை, குடும்பத்தோடு போகிறவர்கள் முன்பணம் கட்டுமுன் போனிலேயே கேளுங்கள்: வேலி இருக்கிறதா, கேட் தானாக மூடுமா, அடியில் எத்தனை டிரெயின், பம்ப் சுவிட்ச் எங்கே இருக்கிறது? பதில் தெரியாத வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
நீச்சல் குளக் கட்டுமானப் பொறியாளர்,
செங்கல்பட்டு மாவட்டம்.