ஹானோவரில் மாடி ஸ்டால் வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும், தம்பி வரைந்து அனுப்பிய ஸ்டால் படங்களும் கிடைத்தன. இங்கே வீட்டில் அனைவரும் நலம். தங்கைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வெயிலில் அதிகம் அலைய வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மற்றச் செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி பெரிய செலவு சம்பந்தப்பட்டது என்பதால், அதற்கே இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்கிறேன்.

2027 செப்டம்பர் 16 முதல் 22 வரை ஜெர்மனியின் ஹானோவரில் நடக்கவிருக்கும் இட்மா என்னும் ஜவுளி இயந்திரக் கண்காட்சியில், 120 சதுர மீட்டர் இடம் எடுத்து, கீழே உங்கள் ஓவர்ஹெட் கிளீனரை (நூற்பு இயந்திரங்களுக்கு மேலே ஓடித் தூசி அகற்றும் கருவியை) ஓட்டிக் காட்டிவிட்டு, மேலே 50 சதுர மீட்டரில் பேச்சு அறைகளும் சிற்றுண்டிக்கு ஓர் இடமும் வைத்து மாடி ஸ்டாலாகப் போடலாமா என்பது கேள்வி. தம்பி போடலாம் என்கிறார், உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. 1951-இல் பிரான்சின் லீல் நகரத்தில் தொடங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடப்பது இட்மா. ஹானோவருக்கு அது 1991-க்குப் பிறகு இப்போதுதான் திரும்பி வருகிறது. இங்கே எடுக்கும் முடிவு சரியில்லை என்று தெரிந்தாலும் அதைத் திருத்திக்கொள்ள 2031 வரை காத்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் பொருளுக்கும், உங்களிடம் உள்ள ஆட்களுக்கும் மாடி வேண்டாம். அதற்கான காரணங்களை விரிவாக எழுதுகிறேன்; தம்பியும் படிக்கட்டும்.

மாடி போட்டால் தூரத்திலிருந்தே தெரியும் என்பது தம்பியின் முதல் வாதம். ஆனால் இட்மா போன்ற கண்காட்சியில் நடைபாதையில் வருகிறவர் பார்ப்பது தம் கண்மட்டத்தில் உள்ளதையும், உயரத்தில் தொங்கும் பெயர்ப் பலகையையும்தான். தூரத்துப் பார்வைக்குத் தேவையான உயரத்தைக் கூரையிலிருந்து தொங்கவிடும் பலகையே கொடுத்துவிடும். அதற்கு ஆகும் செலவு மாடிச் செலவில் ஒரு சிறு பங்கு. தவிர, மேல்தளம் உங்கள் நடைபாதை முகப்பை ஓர் அடிகூட நீட்டுவதில்லை. வழியோடு போகிறவர் உள்ளே திரும்புவதற்குக் காரணமாக இருப்பது அந்த முகப்பு. அது 120 சதுர மீட்டர் இடத்துக்கு என்ன உண்டோ அதுவேதான்.

இடம் கூடுகிறது என்ற கணக்கையும் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஜெர்மானியக் கண்காட்சி வளாகங்களின் தொழில்நுட்ப விதிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மேல்தளத்தை மேசை நாற்காலி போட்டுப் பேச மட்டும் பயன்படுத்தினால் சதுர மீட்டருக்கு 3.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 350 கிலோ பாரம் தாங்கும்படி அதைக் கட்ட வேண்டும்; கூட்டம் தடையில்லாமல் கூடும் இடமாகவோ பொருள் காட்டும் இடமாகவோ ஆக்கினால் அது 5 கிலோ நியூட்டனாக உயர்கிறது, படிக்கட்டுக்கும் அதே அளவு. இரண்டு தளங்களிலும் நிற்கும் உயரம் 2.30 மீட்டராவது இருக்க வேண்டும், மாடியின் கைப்பிடி 1.10 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்பிரிங்க்ளர், அதாவது தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு, உள்ள ஹாலில் மாடியால் மூடப்படும் பரப்பு 30 சதுர மீட்டரைத் தாண்டினால் அதன் அடியிலும் ஸ்பிரிங்க்ளர் குழாய் இழுக்கச் சொல்வார்கள். தம்பியின் படத்தில் அந்தப் பரப்பு 50. இத்தனைக்கும் மேலாக, கட்டுமானப் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட கணக்கை முன்கூட்டியே அனுப்பி அனுமதி வாங்கியாக வேண்டும். இவை எல்லாம் நியாயமான விதிகள். மேலே இருபது பேர் நிற்கும்போது கீழே நிற்கிறவர்களின் உயிருக்கு அவைதான் காப்பு. ஆனால் ஒவ்வொரு விதியும் ஒரு செலவு. மேல்தளத்துக்கென்று தனி வாடகையும் உண்டு. தரைத்தள வாடகையில் பாதி அளவுக்கு வாங்குகிற வளாகங்கள் பல.

இவ்வளவும் கொடுத்துப் பெறும் 50 சதுர மீட்டரில் முழுவதும் கைக்கு வருகிறதா என்றால் அதுவும் இல்லை. படிக்கட்டும், ஏறுமிடத்திலும் இறங்குமிடத்திலும் விட வேண்டிய வெற்றிடமும் கீழே எட்டு சதுர மீட்டரையாவது எடுத்துக்கொள்ளும். மேலேயும் படிவாசல் அளவுக்கு ஒரு பகுதி கழிந்துபோகும். தூண்கள் நிற்கும் இடங்களைச் சுற்றி எதையும் வைக்க முடியாது.

இனி உங்கள் பொருளுக்கு வருகிறேன். நீங்கள் செய்வது ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு இயந்திரத்துக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் கிளீனர். நூற்பு இயந்திரத்தின் மேல் படியும் பஞ்சுத் தூசியை ஊதித் தள்ளி, தரையில் விழுந்ததைத் தொங்கும் குழாய்களால் உறிஞ்சிக்கொண்டு, அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்புவதை மில்காரர் நின்று பார்க்க வேண்டும். மோட்டார், விசிறி, தண்டவாளத்தின் வளைவு, திரும்பும் இடத்தில் அதிர்வு இருக்கிறதா இல்லையா என எதுவானாலும் அவர் தலையை நிமிர்த்தித்தான் பார்க்கிறார். உங்கள் சரக்கின் உயிர் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் மாடியின் அடிப்பக்கம் குறுக்கே வந்தால் கிளீனரை மாடிக்குக் கீழ் வைக்கவே முடியாது. மாடி மூடாத மிச்ச இடத்துக்குள் தண்டவாளத்தைச் சுருக்க வேண்டியிருக்கும். தம்பியின் படத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஓட்டம் பாதியாகக் குறைந்திருக்கிறது, கிளீனர் கிளம்பியவுடனே திரும்பிவிடும். அரை நிமிடமாவது நேராக ஓடினால்தான் வாங்குகிறவர் அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். அதற்காகத்தானே அவர் அத்தனை தூரம் வருகிறார்?

ஸ்டால் அமைக்கும் நாட்களின் நெருக்கடியும் உங்களுக்குத் தெரியாததல்ல. மாடி எழும்பிய பிறகு ஃபோர்க்லிஃப்ட் உள்ளே திரும்ப இடமிருக்காது; இயந்திரம் முதலில் வந்தால் மாடி கட்டுகிற ஆட்கள் அதன் மேல் கருவிகளைப் போடாமல் இருக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் போகும் பெட்டி ஒரு நாள் தாமதமானாலும் இரண்டு வேலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். கிளீனரின் தண்டவாளத்தை மட்டம் பார்த்துப் பொருத்த நிதானமான நேரம் வேண்டும். தொடக்க நாள் காலையில் மெக்கானிக் ஏணியில் நின்றுகொண்டிருந்தால் முதல் நாள் வருகிறவர்கள் கைவிட்டுப் போனதாகவே அர்த்தம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஆட்கள் கணக்கு. மேலே நான்கு அறைகள் என்று தம்பி போட்டிருக்கிறார். நாளுக்கு எட்டு மணி நேரம், ஒரு பேச்சுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால், நான்கு அறைகளும் நிறைய நாளொன்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேச்சுகள் வேண்டும். முன்கூட்டியே நேரம் குறித்து வருகிற வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் உங்களுக்கு இருக்கிறார்களா? இருந்தால் அவர்களோடு உட்கார விலையும் தொழில்நுட்பமும் தெரிந்த நான்கு பேர் நாள் முழுவதும் மாடியிலேயே இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அப்படிப்பட்டவர்கள் நீங்கள், தம்பி, ஏற்றுமதி பார்ப்பவர், சர்வீஸ் தலைவர் ஆகிய நால்வர்தான். நால்வரும் மேலே போய்விட்டால் கீழே இயந்திரத்தின் அருகில் நின்று, காற்றின் அழுத்தம் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு இழுக்கும், ஒரு கிளீனர் எத்தனை ஃபிரேமுக்குப் போதும் என்று கேட்கிற புதிய ஆளுக்கு யார் பதில் சொல்வது? துண்டறிக்கை கொடுக்க அமர்த்திய உள்ளூர்ப் பெண் சொல்ல முடியாது. உங்களிடம் குறைவாக இருப்பது ஆட்கள்; சதுர மீட்டரைக் கூட்டக் கூட அந்தக் குறைவு இன்னும் வெளிப்படும்.

2019-இல் பார்சிலோனாவில் நடந்த இட்மாவில், நான் அப்போது பணியாற்றிய நிறுவனத்தின் மாடி ஸ்டாலில் ஒரு நாள் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். துருக்கியின் காசியான்தெப் பக்கத்திலிருந்து ஒரு மில் முதலாளி தம் ஏஜென்ட்டோடு வந்திருந்தார், வயது எழுபதுக்கு மேல் இருக்கும். இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், மூடியைத் திறக்கச் சொல்லிக் கையை உள்ளே விட்டுத் தடவினார். மேலே போய்த் தேநீர் அருந்தலாம் என்று எங்கள் மேலாளர் அழைத்தபோது அவர் படிக்கட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முழங்காலைத் தொட்டுக் காட்டி, ஒரு நாற்காலியை இயந்திரத்தின் பக்கத்திலேயே போடச் சொன்னார். பேரமும் அங்கேயே முடிந்தது. சந்தேகம் வரும்போதெல்லாம் எழுந்து இயந்திரத்தைத் தொட்டுக் கேட்டார், பதில் கிடைத்ததும் மீண்டும் உட்கார்ந்தார். வாங்க வந்தவருக்குச் சரக்கின் பக்கத்தில் இருக்கத்தான் பிடிக்கும் என்று அன்று எனக்கு உறுதியாகப் பட்டது.

மாடி யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். பஞ்சைப் பிரித்துத் தூசி நீக்கும் புளோரூமிலிருந்து நூல் வரை முழு வரிசையையும் தரையில் பரப்பி வைக்கிற பெரிய இயந்திர நிறுவனங்களுக்குக் கீழே உட்காரவே இடம் மிஞ்சாது. அவர்களிடம் ஆட்களும் உண்டு, மாதக்கணக்கில் முன்பே நேரம் குறித்த குழுக்களும் உண்டு. ஹானோவர் வளாகமே இந்த ஏற்பாட்டுக்குப் பழகிய இடம். 1970-இல் திறந்த அதன் முதலாம் ஹாலின் கூரை மேல், கீழே கடை வைத்தவர்கள் விருந்தினரோடு பேசுவதற்கென்று தனி அறைகள் இருந்தன. ஒப்பந்தத் தொகை பெரிதாக இருந்து, விலைப் பேச்சு அடுத்த ஸ்டால்காரர் காதில் விழக் கூடாத நிலை வந்தால், தனி அறையின் மதிப்பு எனக்குத் தெரியாததல்ல. உஸ்பெகிஸ்தானிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ முதல் முறை வருகிற வாடிக்கையாளர், இந்த நிறுவனம் பத்து ஆண்டுக்குப் பிறகும் உதிரிபாகம் அனுப்புமா என்பதை ஸ்டாலின் தோற்றத்தை வைத்தும் எடைபோடுகிறார் என்று தம்பி எழுதியிருப்பது உண்மைதான், அதை நான் மறுக்க மாட்டேன். அந்த நம்பிக்கையை ஊட்ட வேறு வழிகளும் உண்டு என்பதே என் கருத்து.

ஆகவே நான் போடச் சொல்லும் ஸ்டால் இது. 120 சதுர மீட்டரை அப்படியே ஒரே தளமாக வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மூன்று பக்கம் திறந்த இடமாகக் கேளுங்கள். நீளவாட்டில் தண்டவாளத்தை முழுதாக ஓடவிடுங்கள். பின்புறம் சத்தம் வெளியே போகாத இரண்டு மூடிய அறைகள், அவற்றுக்கு இடையில் சிறு சமையலிடமும் பெட்டிகள் வைக்க ஓர் அறையும் போதும். இயந்திரத்தை ஒட்டி முதுகு சாயும் நல்ல நாற்காலிகளோடு இரண்டு மேசைகள் போடுங்கள். தேநீர் சூடாகவும் உடனடியாகவும் வர வேண்டும். தலைக்கு மேல் பெயர்ப் பலகை நன்றாக ஒளி விழும்படி தொங்கட்டும். மாடியில் மிச்சமாகும் பணத்தில் இன்னும் இரண்டு மெக்கானிக்குகளையும், துருக்கிய மொழியும் ரஷ்ய மொழியும் பேசத் தெரிந்து நூற்பாலை வேலையும் அறிந்த இருவரையும் அழைத்துப் போங்கள். கண்காட்சி நாட்களில் ஹானோவரில் தங்கும் விடுதிக் கட்டணம் பன்மடங்கு ஏறும் என்பதால் அறைகளை இப்போதே பிடித்துவிடுவது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் மில்களின் பெயர்களையும், நிறுவிய ஆண்டையும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பத்து ஆண்டுக்கு முன் வாங்கியவரே தம் நாட்டுக்காரரிடம் சாட்சி சொல்வதைவிடப் பெரிய நம்பிக்கை எந்தக் கட்டடத்தாலும் வராது.

தம்பிக்கு மனம் ஆறவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. 2023-இல் மிலானில் நடந்த இட்மாவுக்கு நீங்கள் வைத்திருந்த வருகைப் பதிவேட்டை எடுத்து, யார் முன்பே நேரம் குறித்து வந்தார், யார் வழியில் நின்று பார்த்துவிட்டு வந்தார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், அவர்களில் யாரிடமிருந்து ஆர்டர் வந்தது என்று நான்கு பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். நேரம் குறித்து வந்தவர்கள் பெரும்பான்மையாக இருந்து, உட்கார இடமில்லாமல் அவர்கள் திரும்பிப் போனதும் தெரிய வந்தால், என் கருத்தை மாற்றிக்கொள்ள நான் தயார். அந்தக் கணக்கு வந்ததும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். அடுத்த வாரம் பீளமேடு பக்கம் வரும் வேலை இருக்கிறது. வசதிப்பட்டால் மாலையில் உங்கள் தொழிற்சாலையிலேயே மூவரும் உட்கார்ந்து படத்தைத் திருத்திவிடலாம். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு 120 சதுர மீட்டரை அளந்து வைக்கச் சொல்லுங்கள், நின்று பார்த்துப் பேச வசதியாக இருக்கும்.

தங்கைக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு நண்பன்