'மர்மக் காய்ச்சல்' என்று இனி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறந்து மழை விட்டதும் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வரும். ஏதோ ஒரு கிராமத்தில் மர்மக் காய்ச்சல், பொதுமக்கள் பீதி, சுகாதாரத் துறையினர் முகாம். பதினைந்து வருஷமாக உங்கள் பேப்பரை வாங்குகிறேன், இந்தத் தலைப்பு மட்டும் மாறவே இல்லை. அந்த 'மர்மம்' என்ற வார்த்தையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏரிப் பாசனமும் நிலக்கடலையும் உள்ள ஊர் எங்களுடையது. அம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல், இரண்டு மாடு வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் மூன்று நாள் வீட்டில் இருந்த பாராசிட்டமால். அப்புறம் பக்கத்து டவுனில் ஒரு டாக்டர், ஊசி போட்டார், அன்று ராத்திரி குறைந்தது, காலையில் திரும்ப ஏறியது. ஒரு லேபில் ரத்தம் எடுத்தார்கள், விடால் டெஸ்ட் பாசிட்டிவ், டைபாய்டு என்றார்கள், ஐந்து நாள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். காய்ச்சல் அசையவில்லை. தட்டணுக்கள் குறைய ஆரம்பித்ததும், இது டெங்குவாக இருக்கும் என்று இன்னொரு டெஸ்ட், அது நெகட்டிவ். பத்தாவது நாள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தார். ஆம்புலன்ஸ் வைத்து வேறு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே கண்டுபிடித்தது ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. உடம்பு துடைத்துவிட வந்த ஒரு நர்ஸ். "பாட்டி, பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்று சொல்லி, நாடா அழுந்தும் இடத்தில், இடுப்பு மடிப்புக்குள் பார்த்தார். பாதிப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புப் பக்கு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம், சிகரெட்டால் சுட்ட மாதிரி. நர்ஸ் அப்படியே ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். அரை மணி நேரத்தில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்தார்கள். இரண்டாவது நாள் காய்ச்சல் விட்டது. நுரையீரல் சரியாக மேலும் பத்து நாள் ஆனது.

அந்தப் பக்கு அங்கே இருந்தது அம்மாவுக்குத் தெரியும்! "ஏதோ சூட்டுக் கொப்புளம்னு நெனச்சேன், வலிக்கல, அரிக்கல, அதான் சொல்லல" என்றார். வலித்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். வலிக்காததுதான் அதன் ஆபத்து.

நோயின் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். இந்தப் பெயரே பாதிப் பேரைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது. உண்ணி என்றதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துப் பருத்திருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பூச்சிதான் ஞாபகம் வரும், அதனால் அம்மா வீட்டுக்கு வந்ததும் என் சித்தப்பா செய்த முதல் வேலை மாட்டுக்கு உண்ணி மருந்து வாங்கி வந்ததுதான். இது அந்த உண்ணி இல்லை. மண்ணில் வாழும் ஒரு சின்னஞ்சிறு சிலந்திப் பேன் வகையின் குஞ்சு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், செம்மஞ்சள் புள்ளி மாதிரி, உற்றுப் பார்த்தாலும் தெரிவது கஷ்டம். புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். எலி, மூஞ்சூறு, இல்லையென்றால் மனுஷன், எது உரசிப் போகிறதோ அதில் தொற்றிக்கொள்ளும், துணி இறுக்கும் மடிப்பாகப் பார்த்து ஒட்டும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பக்கம். ரத்தம் குடிக்காது, தோலைக் கரைத்து அந்த நீரை உறிஞ்சும். அப்போதுதான் நோய்க் கிருமி நம் உடம்பில் இறங்குகிறது, அது கடித்த இடம்தான் அந்தக் கறுப்புப் பக்கு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் இப்படி ஒட்டும், அப்புறம் உதிர்ந்து மண்ணுக்குப் போய்விடும். தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது, அதனால் ஓர் இடத்தில் குடியேறிவிட்டால் வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஆளுக்கு ஆள் இது தொற்றாது. அம்மா ஏரிக்கரையில் சீமைக்கருவேலம் புதருக்கு அடியில் உட்கார்ந்து புல் அறுப்பார். தோட்டத்து வேலியில்தான் எங்கள் வீட்டுத் துணி காயும். கொல்லைச் சுவரை ஒட்டி விறகு, அதற்குள் எலி. எங்கே ஒட்டியது என்று இதில் எதைக் கைகாட்டுவேன்?

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ஜப்பானிய மொழியில் முஷி என்றால் பூச்சி. இது செல்லுக்குள்ளே புகுந்து வாழ்கிற கிருமி, அதனால் காய்ச்சல் என்று போனால் வழக்கமாகப் போடுகிற பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகள் இதைத் தொடுவதே இல்லை. அம்மாவுக்கு ஐந்து நாள் ஏறிய மருந்து அந்த வகைதான். வேலை செய்யும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒன்றின் விலை ஒரு டீ விலைகூட இல்லை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் இருக்கிறது. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிற மருந்துகள்தாம்.

இது எங்கோ அபூர்வமாக வரும் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். வேலூர் சி.எம்.சி.யும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, இதே தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் வந்ததா என்று கேட்டு இரண்டு வருஷம் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2025இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. இந்த நோய் இருக்கும் கிராமப் பகுதிகளில் வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இந்தக் கிருமி தொற்றுகிறது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் மருத்துவமனையில் சேர்க்கிற அளவுக்குப் போகும் காய்ச்சல்களில் இது முக்கியமான ஒன்று என்கிறது அந்த ஆய்வு. அதைப் படித்தபோது எங்கள் தெருவில் 'டைபாய்டு' என்று படுத்து எழுந்த, எழுந்திருக்காமலே போன ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தேன்.

2023இல் அதே பத்திரிகையில் இன்னொரு ஆய்வு. சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில், இந்தியாவின் 7 மருத்துவமனைகளில், நோய் முற்றி உறுப்புகள் பாதிக்கப்பட்ட 794 பேரிடம் நடந்தது. டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று தெரிந்தது. இறப்பு, ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல், இதில் ஏதாவது ஒன்று ஏற்பட்டவர்கள் இரண்டும் சேர்த்துக் கொடுத்தபோது 33 சதவீதம், தனியாகக் கொடுத்தபோது 47, 48 சதவீதம். உலகத்துக்கே வழிகாட்டுகிற ஆய்வு எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடுகிற வேலூரிலிருந்து வந்திருக்கிறது. ஆனால் பக்கத்து டவுன் கிளினிக்கில் இன்றைக்கும் விடால் டெஸ்ட்தான்.

விடால் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1896இல் வந்த டெஸ்ட் அது. எப்போதோ வந்துபோன டைபாய்டு, போட்ட தடுப்பூசி, ஏன் வேறு ஏதாவது காய்ச்சல் இருந்தால்கூட பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு தடவை எடுத்த விடால் முடிவை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று முடிவு கட்டுவது, அதோடு வேறு எதையும் தேடாமல் நிறுத்திவிடுவது, இதுதான் அம்மாவின் ஐந்து நாளைத் தின்றது. ஸ்க்ரப் டைஃபஸுக்கும் இப்படி ஒரு பழைய டெஸ்ட் உண்டு, வைல்-ஃபெலிக்ஸ் என்று பெயர், நூறு வருஷத்துக்கும் மேல் ஆகிறது, சம்பந்தமில்லாத வேறொரு கிருமியை வைத்துக்கொண்டு பார்ப்பது, நோய் இருப்பவர்களிலேயே பலரைத் தவறவிட்டுவிடும். நம்பக்கூடியது ஐ.ஜி.எம். எலைசா, இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடுகிற டெஸ்ட். ஆனால் அதிலும் ஒன்று கவனிக்கவேண்டும். காய்ச்சல் வந்து ஐந்தாறு நாள் ஆனால்தான் ரத்தத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் தெரியும், முதல் இரண்டு நாளில் எடுத்தால் நெகட்டிவ் என்று வந்து நம்மை ஏமாற்றும். அப்புறம் எலைசா ஒரே தட்டில் பல பேருடைய ரத்தத்தைச் சேர்த்துப் பார்க்கிற டெஸ்ட், மாதிரிகள் சேரட்டும் என்று லேபில் காத்திருப்பார்கள், ரிப்போர்ட் வருவதற்குள் நாலு நாள் ஓடிவிடும். கிருமியின் மரபணுவையே தேடுகிற பி.சி.ஆர். டெஸ்ட் சீக்கிரம் காட்டும், அந்தப் பக்கிலிருந்தே எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அது எல்லா ஊரிலும் இல்லை. அதனால்தான் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல், சந்தேகம் இருந்தால் மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும் என்கிறார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூரில் வருஷா வருஷம் மழைக்காலத்தில் மூளைக் காய்ச்சலில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நெடுநாள் எல்லோரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள், அதற்குத் தடுப்பூசி போட்ட பிறகும் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் டாக்டர் மனோஜ் முர்ஹேகர் குழுவினர் போய் 2015, 2016 சமயத்தில் ஆராய்ந்தபோது, அந்தக் குழந்தைகளில் 60 சதவீதத்துக்கும் மேல் ஸ்க்ரப் டைஃபஸ்! அதன் பிறகுதான் காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே இந்த மருந்துகளைக் கொடுக்கிற ஏற்பாடு அங்கே வந்தது. அதுவும் அதுவரை மர்மக் காய்ச்சல்தான். எத்தனை வருஷம், எத்தனை குழந்தைகள்.

நம் பொது சுகாதாரத் துறை சும்மா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பர் கடைசியில் சென்னையையும் எங்கள் வட மாவட்டங்களையும் பெயர் சொல்லியே எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆனால் டெங்கு என்றால் வீட்டுக்கு வீடு வந்து பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீரை வரைக்கும் பார்க்கிறார்கள், குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. இந்தக் காய்ச்சலுக்கு அது நடக்கவில்லை. நூறு நாள் வேலைக்கு ஏரி வாய்க்காலில் புதர் வெட்டப் போகிற எங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மத்தியானம் அதே புல்லின் மேல்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு சாக்கை விரித்து உட்காருங்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் தேய்த்துக் குளித்து அந்தத் துணியை உடனே அலசுங்கள், துணியைப் புதர் மேல் காயப்போடாதீர்கள், கொல்லையில் புதரையும் எலியையும் விடாதீர்கள். பேனர் வேண்டாம், விழா வேண்டாம். வேலை ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிஷம் இதைச் சொன்னால் போதும்.

இன்னொரு விஷயம், இதை ஒரு பெண்ணாகத்தான் எழுத முடியும். அம்மாவைப் பார்த்த முதல் மூன்று டாக்டர்களும் ஆண்கள். வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள், அறையில் மறைப்பு இல்லை, கதவு பாதி திறந்திருக்கிறது, அந்த இடத்தில் எந்த அம்மா பாவாடை நாடாவைத் தளர்த்துவார்? எந்த டாக்டர்தான் கேட்பார்? பக்கு இருப்பதே அப்படிப்பட்ட இடங்களில்தான். எல்லோருக்கும் பக்கு இருக்கும் என்றும் சொல்ல முடியாது, வியர்வை தங்கும் இடத்தில் கறுப்பாகக் காய்ந்து போகாமல் வெறும் சின்னப் புண் மாதிரியும் இருக்குமாம். இருந்தாலும் இருக்கிறவர்களிடம் தேடாமல் விடலாமா? காய்ச்சல் பார்க்கிற ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு திரைச்சீலையும், தலையிலிருந்து கால்வரை பார்ப்பதற்கு ஒரு நர்ஸும் வேண்டும். இதற்கு ஆராய்ச்சிகூடத் தேவையில்லை.

ஐந்து நாளாக விடாத காய்ச்சல், தலைவலி, வயல்காடு போய்வந்த ஆள் என்றால் டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், "ஸ்க்ரப் டைஃபஸா இருக்குமா சார்?" என்று. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரியாது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வரும் ஐப்பசியில், முதல் மழைச் செய்தி போடுகிற அன்றைக்கே, அந்தக் கறுப்புப் பக்கின் படத்தை வண்ணத்தில், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். பக்கத்திலேயே அது எந்தெந்த இடத்தில் இருக்கும் என்றும் கூச்சப்படாமல் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிச் சுவரில் நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருவண்ணாமலை மாவட்டம்.